நுரையக்காவின் பிள்ளைகள்

எதைக் கேட்டாலும் நுரையக்கா உடனே பதில் சொல்ல மாட்டாள். முதலில் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். சரியாக அரை மணி நேரம் கழித்து, கேட்டவரே கேள்வியை மறந்துவிட்ட நேரத்தில், திரும்பி வந்து பதிலைச் சொல்லுவாள். படிப்புக்காக வெளியூர் போகட்டுமா என்று மகள் கேட்டதற்கும் அரை மணி நேரம். ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டதற்கும் அரை மணி நேரம். அதற்குள் பசி பொறுக்காதவர்கள் ரொட்டியை வெறுமனே தின்று முடித்திருப்பார்கள்.

அவள் கணவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். கத்தரிக்கோல் நின்றாலும் பேச்சு நிற்காத மனிதர். இந்த அரை மணிக் கதையை அவர் சொல்லாத வாடிக்கையாளர் ஊரில் இல்லை.

"என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன். கடிகாரத்தைப் பாத்தா. எந்திரிச்சுப் போயிட்டா. நான் அதே பெஞ்சுல உக்காந்திருக்கேன். எனக்கு முன்வழுக்கை விழுந்தது அந்த அரை மணி நேரத்துலதான்."

பழக்கம் வேலையிலிருந்து வந்தது. அவள் வேலை பார்ப்பது நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். ஊரின் தாழ்ந்த ஓரத்தில், ஆற்றை ஒட்டி அது இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் அனுப்பி வைக்கிற தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். முதலில் கம்பிச் சல்லடை. கந்தல் துணி, பிளாஸ்டிக், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை சிரித்தபடியே ஒரு பல்செட் வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்தது நீளமான காற்றுத் தொட்டி. அடியிலிருந்து புளோயர் இயந்திரம் ஓயாமல் காற்றை ஊத, தொட்டி கொதிப்பது போலப் புரண்டுகொண்டே இருக்கும். அதற்கப்பால் அசைவில்லாத தெளிவுத் தொட்டி. அங்கே சேறு அடியில் தங்கும். தெளிந்த நீர் விளிம்பு வழிந்து வாய்க்காலில் இறங்கி ஆற்றில் சேரும். ஏழு கிலோமீட்டர் கீழே அடுத்த ஊர்க்காரர்கள் அதே ஆற்றில்தான் குடிநீர் எடுக்கிறார்கள்.

காற்றுத் தொட்டியில் அழுக்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள். புத்தகத்தில் அவற்றுக்கு என்னென்னவோ பெயர் இருக்கிறது. நிலையத்தில் ஒரே பெயர்தான்: புள்ளைங்க. புள்ளைங்க நல்லா சாப்பிடுது, புள்ளைங்களுக்குக் காத்து பத்தல, நேத்து மழைத்தண்ணி புகுந்து புள்ளைங்க சோர்ந்துபோச்சு என்றுதான் பேசிக்கொள்வார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

தினமும் காலை ஏழு மணிக்கு நுரையக்கா காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை உயரமான கண்ணாடி ஜாடியில் எடுத்து வந்து ஆய்வக ஜன்னலோரம் வைப்பாள். அரை மணி நேரம் அதைத் தொடக் கூடாது, தட்டக் கூடாது, மேசையில் சாயக்கூடக் கூடாது. பழுப்புச் சேறு மெல்ல மெல்ல இறங்கி அடியில் உட்காரும். மேலே தெளிந்த நீர் நிற்கும். சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது, மேல்நீர் எவ்வளவு தெளிவு என்பதைப் பார்த்தால் தொட்டியின் உடம்பு தெரிந்துவிடும். மற்றவர்கள் ஜாடியை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். அவள் போக மாட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாள். வருடக்கணக்காக அப்படி நின்ற ஒருத்திக்கு, எதையும் கொஞ்சம் தெளியவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று பட்டதில் வியப்பில்லை.

அவள் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருபத்திரண்டு வயதில் புட்டி கழுவுகிற வேலைக்கு அங்கே சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் அவள் குரலை யாரும் கேட்கவில்லை. புளோயர் அறையைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார்காரர் அவள் வாய் பேசாதவள் என்றே முடிவுகட்டி, கை ஜாடையில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் பாவம், அவருக்குத்தான் பேச வராது போல என்று நினைத்துக் கை ஜாடையிலேயே பதில் சொன்னாள். ஒரு நாள் அவள் அப்போதைய மேற்பார்வையாளரின் அறை வாசலில் போய் நின்று, "நுரை," என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அவர் எழுந்து போய்ப் பார்த்தால், தொட்டியின் மேல் கறுப்பு நுரை ஒரு போர்வை போலப் படர்ந்திருந்தது. எங்கோ ஒரு பட்டறை பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறது. நேரத்தோடு பார்த்ததால் தொட்டி தப்பியது. அன்றிலிருந்து அவள் நுரையக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மோட்டார்காரருக்கும் அவள் அக்காதான்.

இருபத்து மூன்று வருடம் இப்படி ஓடிய பிறகுதான் பளிச் சார் வந்தார்.

பளிச் சார் புதிய மேற்பார்வையாளர். குடிநீர்ப் பிரிவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார். ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம், "பளிச்சுனு இருக்கணும்," என்பார். குழாய், கதவு, கோப்பு, சட்டைக் காலர் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். குடிநீர்ப் பிரிவில் எந்தக் கோளாறுக்கும் மருந்து ஒன்றுதான், பிளீச்சிங் பவுடர். அந்தக் கைப்பழக்கத்தை அவர் கூடவே கொண்டுவந்திருந்தார்.

அவர் வந்த எட்டாவது மாதம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு வாரத்தில் ஆய்வு அதிகாரி வருகிறார். ஆற்றில் விடும் நீர் தேறாவிட்டால் நிலையத்தை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அந்த நிறுவனம் தன் ஆட்களைக் கொண்டுவரும். இப்போது இருக்கும் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மற்ற பத்துப் பேரும் அன்று முழுக்க அதையே பேசினார்கள். நுரையக்கா பேசவில்லை. வீட்டுக்குப் போய்த் துணி மடிக்கும்போதுதான், நாளைக்கு ஏழு மணிக்கு அந்த ஜாடியை வேறு யாரோ ஜன்னலோரம் வைப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. கணவரின் ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

"அதுக்குக் கை வலிக்கும், விட்டுடும்மா," என்றார் அவர்.

"அந்த வேலைய விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க."

"என்கூடக் கடைக்கு வா."

"உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டேவா," என்றாள். அன்று அவள் அரை மணி எடுத்துக்கொள்ளாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

ஆய்வுக்கு முன்னால் நிலையத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. தொட்டிகளின் மேலே போகும் நடைபாதைகள், கைப்பிடிகள், தெளிவுத் தொட்டியின் விளிம்பில் பச்சையாகப் படிந்த பாசி எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவச் சொன்னார் பளிச் சார். கழுவும் வேலைக்கு நுரையக்காதான் தலைமை. அவள் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தாள். தொட்டிக்குள் பவுடர் போய்விடக் கூடாது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் நடைபாதைக் கழுவுநீர் உள் காவாயில் இறங்கி, நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு காலிக் குட்டைகளில் ஒன்றுக்குப் போகும். வருடக்கணக்காக அப்படித்தான் போகிறது. அரை மணி நேரம் கழித்து, "தொட்டி விளிம்பை மட்டும் வெறும் பிரஷ்ஷால தேய்க்கிறோம் சார். மத்ததுக்குப் பவுடர் போடலாம்," என்றாள். அவரும் சரி என்றார். ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை, மூன்று நாள் கழுவினார்கள். நிலையம் பல் தேய்த்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

நாலாம் நாள் வியாழக்கிழமை. காலையில் காற்றுத் தொட்டியின் மேல் நுரை வெள்ளை வெளேரென்று, முகச்சவரக் கிண்ணம் போலப் பொங்கி நின்றது. ஜாடியை ஜன்னலோரம் வைத்தாள். அரை மணி ஆயிற்று. சேறு பாதிதான் இறங்கியது. மீதி தூள்தூளாக மேலே மிதந்தது. மேல்நீர் பால் கலந்தது போலக் கலங்கியிருந்தது. அவள் இன்னொரு அரை மணி நின்று பார்த்தாள். எதுவும் தெளியவில்லை.

ஆய்வகத்தில் ஒரு பழைய நுண்ணோக்கி உண்டு. வாரம் இரண்டு நாள் தண்ணீரைச் சோதிக்க வரும் வேதியியல் ஆசிரியை அவளுக்கு அதில் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். நல்ல சேற்றில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், நூல் போன்ற காம்பின் நுனியில் சின்ன மணி கட்டினாற்போல ஓர் உயிர் நிற்கும். திடீரென்று ஸ்பிரிங் மாதிரி சுருங்கும். பிறகு மெல்ல நிமிரும். நுரையக்கா அவற்றை மணிக்காரங்க என்பாள். மணிக்காரங்க இருந்தால் தொட்டி சுகமாக இருக்கிறது என்று பொருள். அன்றைக்குக் காம்புகள் மட்டும் நின்றன. மணி ஒன்றுகூட இல்லை.

அவள் நடைபாதையைச் சுற்றி வந்தாள். உள் காவாயில் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு அதன் போக்கிலேயே நடந்தாள். மோட்டார் அறையின் பின்சுவர் வரை வந்த காவாய் அங்கே குட்டைப் பக்கம் திரும்பவில்லை. புதிதாய் ஒரு குழாயில் புகுந்து நேரே காற்றுத் தொட்டிக்குள் போய் விழுந்தது. குழாயின் வாயில் வெள்ளைப் பொடி உறைந்திருந்தது.

"இதை யாரு மாத்தினது?" என்று மோட்டார்காரரை வெளியே கூட்டிவந்து கேட்டாள்.

"நான்தான். போன மழைக்கு என் ரூமுக்குள்ள முழங்கால் தண்ணி. அதான் திருப்பி விட்டேன். உன்கிட்டத்தான் சொன்னேனே அக்கா."

"எப்போ?"

"புளோயர் ரூம்ல வச்சு. நீ தலையாட்டினியே."

புளோயர் ஓடும்போது அந்த அறையில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே யார் எதைச் சொன்னாலும் எல்லாரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். நிலையத்தில் அது ஒரு மரியாதை. அவளும் தலையாட்டியிருக்கிறாள். இருபத்து மூன்று வருடத்தில் வேலை விஷயமாக அவள் தெளியவிடாமல் சொன்ன பதில் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான்.

பளிச் சார் அன்று நகராட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மாலை வரை அவர் அறைப் பக்கம் நாலு தரம் போய்ப் பார்த்தாள். வேலை முடிந்ததும் நேரே கணவரின் கடைக்கு நடந்தாள்.

கடையில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க வெந்நீர்த் துண்டு. பெஞ்சில் பாத்திரக் கடைக்காரரும் வங்கிக் காவலாளியும் முறைக்குக் காத்திருந்தார்கள். கணவர் கையெல்லாம் சோப்பு நுரை. அவருடைய போன் கண்ணாடி அலமாரியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. மறுமுனையில் நுரையக்காவின் தம்பி. ஆற்றின் மேல்பக்கத்து ஊரில் இதே மாதிரி நிலையத்தில் வேலை. மாலையானால் மாமாவோடு ஊர்க்கதை பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"மாப்ள, உங்க அக்கா வந்திருக்கா. முகமே சரியில்ல. பேசு," என்றார் கணவர்.

"என்னக்கா," என்றது போன்.

அவள் அலமாரிப் பக்கம் குனிந்து, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "புள்ளைங்க எல்லாம் போயிடுச்சுடா," என்றாள்.

பெஞ்சில் செய்தித்தாள் தாழ்ந்தது.

"போயிடுச்சுன்னா?"

"செத்துப்போச்சு. பாதிக்கு மேல. மீதி மேல மிதக்குது."

பாத்திரக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"எப்படிக்கா?"

"நான்தான்டா. என் கையாலேயே. மூணு நாளா பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தியிருக்கேன்."

காவலாளியின் கை, வேலை நேரத்தில் விசில் தொங்கும் இடத்தைத் தேடியது.

"எத்தனை மூட்டை?"

"ஆறு."

"மூட்டையா," என்றார் காவலாளி மெதுவாக.

"சரி, அழாதே," என்றான் தம்பி. "என்கிட்ட புள்ளைங்க நிறைய இருக்கு. எத்தனை லாரி வேணும்னு மட்டும் சொல்லு."

பாத்திரக் கடைக்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

அப்போது வெந்நீர்த் துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மூணு லாரி அனுப்பச் சொல்லுங்க."

துண்டு விலகியது. ஆய்வுக்கு முன்னால் முகத்தையும் பளிச்சென்று வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டம் முடிந்து நேரே வந்திருந்த பளிச் சார்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்.

நுரையக்காவின் கண் தன்னால் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"கடிகாரத்தைப் பாக்காதீங்க அக்கா. இன்னிக்கு அதுக்கு நேரம் இல்ல. எப்படி உள்ள போச்சு?"

அவள் உள் காவாயையும் குழாயையும் சொன்னாள். தலையாட்டியதையும் மறைக்காமல் சொன்னாள். "ஊத்தினது நான்தான் சார். எழுதுறதா இருந்தா என் பேரை மட்டும் எழுதுங்க. மத்தவங்க வேலை போகக் கூடாது."

"ஊத்தச் சொன்னது யாரு?"

அவள் அலமாரியில் இருந்த சீப்பை எடுத்து நேராக வைத்தாள்.

"நான். அந்தக் குழாய் எங்க போகுதுன்னு எட்டு மாசமா ஒரு தடவையாவது நடந்து பாத்தேனா? கதவுக் கைப்பிடியத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தேன்." அவர் கழுத்துத் துணியை அவிழ்த்தார். "குடிநீர்ப் பக்கத்துப் புத்தி அக்கா. அங்க தண்ணியில உயிர் இருந்தா தப்பு. இங்க உயிர் இல்லன்னா தப்பு. அது மண்டையில ஏறல."

"சார், சவரம்," என்றார் கணவர்.

"அப்புறம்."

"பாக்குறதுக்கு நல்லாவா இருக்கும்?"

பளிச் சார் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஒரு நாள் தாடி. அப்படியே இறங்கிப் போய்விட்டார். அவர் பளிச்சென்று இல்லாமல் தெருவில் நடந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

"பூச்சிப்பா, சாக்கடையில இருக்கிற பூச்சி," என்று கணவர் மற்ற இருவருக்கும் விளக்கினார்.

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு," என்றார் பாத்திரக் கடைக்காரர். ஆனால் இந்த விளக்கத்துக்கு முன்னாலேயே, வாசலில் நின்று பாதி கேட்டுவிட்டு ஓடியவர்கள் இருந்தார்கள். அன்று மாலை பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் துக்க முகத்தோடு பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகள் கதவைத் திறந்து, "வாங்க ஆன்ட்டி," என்றாள். பழப்பை கீழே விழுந்துவிட்டது.

பளிச் சார் அதற்குள் மூன்று காரியம் செய்திருந்தார். கீழ் ஊரின் குடிநீர் நிலையத்துக்குப் போன் செய்து, தேறாத தண்ணீர் கொஞ்சம் ஆற்றில் இறங்கியிருக்கலாம், கவனமாக இருங்கள் என்று சொன்னார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் அவருடைய பழைய கூட்டாளிகள். "நீ பிளீச்சிங் பவுடரை விட்டாலும் அது உன்னை விடாதுடா," என்று சிரித்துவிட்டு, உறிஞ்சு குழாயின் கதவை அடைத்துத் தங்கள் சேமிப்பு நீரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது, மேல் ஊர் நிலையத்து அதிகாரியிடம் பேசி லாரிகளுக்கு அனுமதி வாங்கினார். மூன்றாவது அவருக்கே கசந்த காரியம். தொட்டி தேறும் வரை தண்ணீரை ஆற்றில் விடாமல், பின்னால் இருக்கும் இரண்டு காலிக் குட்டைகளிலும் நிறுத்தி வைப்பது.

"நாறும் சார்," என்றார் மோட்டார்காரர்.

"நாறட்டும். ஆறு நாறுறதுக்கு இது பரவாயில்ல."

சனிக்கிழமை காலை மூன்று டேங்கர் லாரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மேல் ஊர் நிலையத்தின் உயிருள்ள பழுப்புச் சேறு. முதல் லாரியின் முகப்பில் தம்பி ஓர் அட்டை எழுதி ஒட்டியிருந்தான்: அத்தை வீட்டுக்குப் போகிறோம். அவனும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தான்.

"என் புள்ளைங்கன்னா உனக்கு மருமக்கள்தானே அக்கா. நல்லா பாத்துக்கோ. பட்டினி போட்டுடாதே. முதல் ரெண்டு நாள் கொஞ்சமாக் கொடு; புது இடம், வயித்துக்கு ஒத்துக்கணும்."

"எனக்குப் புள்ளை வளக்கச் சொல்லித் தர்றியா," என்றாள் அவள். ஆனால் அவன் சொன்னபடியே செய்தாள். அடுத்த ஆறு நாளும் அவள் தொட்டியைவிட்டு நகரவில்லை. கழிவுநீரை முதலில் கால்வாசி, பிறகு அரைவாசி என்று திறந்துவிட்டாள். காலையில் ஒரு ஜாடி என்றிருந்தது மூன்று வேளை மூன்று ஜாடியாயிற்று. புதன்கிழமை மதியம் நுண்ணோக்கியில் ஒரு காம்பின் நுனியில் மணி ஒன்று தெரிந்தது. அவள் மூச்சுவிடாமல் பார்த்திருந்தாள். அது சுருங்கியது. பிறகு நிமிர்ந்தது. அவள் வெளியே வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல், மோட்டார்காரரின் தேநீர்க் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டுப் போனாள். மோட்டார்காரர் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ஆய்வு. ஜாடியின் மேல்நீர் தெளியத் தொடங்கியிருந்தது. ஆனால் முழுசாகத் தெளியவில்லை. குட்டைகள் நிரம்பிவிட்டதால், தேறிய அளவுக்கு வாய்க்காலில் திறந்துவிட்டிருந்தார்கள். வியாழன் மாலை அலுவலகத்தில் எல்லாரும் கூடினார்கள்.

மோட்டார்காரர் ரகசியம் பேச ஆரம்பித்தார். புளோயர் அறையிலேயே முப்பது வருடம் கழித்தவருக்கு ரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது. "மாதிரித் தண்ணிய நம்ம வாய்க்கால் சேர்ற இடத்துக்கு மேல ஆத்துலயே மோந்துடலாம் சார். பளிங்கு மாதிரி இருக்கும்," என்று அவர் முணுமுணுத்தது அக்கரை வரை கேட்டிருக்கும்.

பளிச் சார் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கும் பதினோரு பேரின் முகம் தெரிந்தது. அவர் நுரையக்காவைப் பார்த்தார். மாதிரி எடுக்கும் புட்டிகள் அவள் பொறுப்பு. அவள் புட்டிப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"சரி, சரி," என்றார் பளிச் சார். "வாய்க்கால்லயே எடுக்கட்டும்."

ஆய்வு அதிகாரி ஒரு பெண். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளையடித்த சுவரையோ துடைத்த கைப்பிடியையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கு காட்டிய வழியில் நேரே குட்டைக் கரைக்கு நடந்தார்.

"இது என்ன?"

"அது வந்து மேடம், அவசரகாலத் தற்காலிகத் தேக்க ஏற்பாடு என்கிற முறையில..." என்று பளிச் சார் இழுத்தார்.

அதிகாரி அவருக்குப் பின்னால் பெட்டியோடு நின்றவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

குட்டைக் கரையில் கடிகாரம் இல்லை. நுரையக்கா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"போன வாரம் நடைபாதையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம் மேடம். அந்தத் தண்ணி தொட்டிக்குப் போயிடுச்சு. குழாய மாத்தினதை என்கிட்ட சொல்லியிருக்காங்க, நான்தான் காதுல வாங்கல. புள்ளைங்க செத்துப்போச்சு. தேறாத தண்ணிய ஆத்துல விடக் கூடாதுன்னு சார் இங்க நிறுத்தி வச்சாரு. கீழ் ஊருக்கும் சொல்லிட்டாரு. மேல் ஊர்ல இருந்து சேறு கொண்டாந்து விட்டோம். இன்னிக்குக் காலையில மேல்தண்ணி இன்னும் கலங்கல்தான். நீங்க எடுத்தா தேறாது. பத்து நாள் போனா தேறும்."

பளிச் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி, "எந்தப் புள்ளைங்க?" என்று கேட்டார்.

அதை வாயால் சொல்ல நுரையக்காவுக்குத் தெரியவில்லை. ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியைக் காட்டினாள். அதிகாரி குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. "ஒண்ணு சுருங்குது," என்றார், சின்னப் பெண் போல.

"அது முந்தாநாள் வந்தது மேடம். இப்போ நாலு இருக்கு. இடது ஓரத்துல பாருங்க."

பிறகு அதிகாரி பதிவேட்டைக் கேட்டார். இருபத்து மூன்று வருடப் பதிவேடுகளும் அலமாரியில் இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் ஜாடியின் ஒரு சின்னப் படம், சேறு நின்ற கோடு, பக்கத்தில் இரண்டு மூன்று சொல். "வெள்ளை நுரை. மணி இல்லை. தப்பு என்னுடையது" என்று போன வார வியாழக்கிழமைப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போய் வாய்க்காலில் தன் கையாலேயே மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கலங்கல் அளவு கூடுதல், தேறவில்லை. ஆனால் கீழே அதிகாரி நாலு வரி சேர்த்திருந்தார். கோளாறு நடந்ததை இந்த நிலையம் தானே கண்டுபிடித்தது, ஆற்றைக் காத்தது, கேட்டவுடன் மறைக்காமல் சொன்னது. முப்பது நாளில் மறு ஆய்வு செய்துவிட்டு முடிவு எடுக்கலாம். மறு ஆய்வில் எல்லா அளவும் எல்லைக்குள் இருந்தது. வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கும் யோசனையை நகராட்சி கைவிட்டது. செய்தி வந்த அன்று பளிச் சார் ஆய்வகத்துக்கு வந்து, "அக்கா, நீங்க மட்டும் அன்னிக்குப் பேசாம இருந்திருந்தா நான் எதையாவது உளறி எல்லாரையும் மாட்டிவிட்டிருப்பேன்," என்றார். அவள் ஜாடியைக் கழுவிக்கொண்டே தலையாட்டப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டு, "ஆமா சார்," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நிலையம் நகராட்சியிடமே இருக்கிறது. பதினோரு பேரில் ஒருவர் ஓய்வு பெற்றார். புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். உள் காவாய் மறுபடியும் குட்டைக்குப் போகிறது. புளோயர் அறையில் சொல்ல வேண்டியதை இப்போது பலகையில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தெளிவுத் தொட்டியின் விளிம்பில் பாசி இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆய்வகம் நுரையக்காவின் பொறுப்பில் இருக்கிறது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஓய்வு பெற இன்னும் பத்து வருடம் இருக்கிறது.